அம்மம்மாவின் செபமாலையில் ஒரு மணி இல்லை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் பிறந்தவன் நான். பதினாறு ஆண்டுகளாகப் பாரிஸில் இருக்கிறேன். என்னை வளர்த்த அம்மம்மா சென்ற ஆண்டு 86 வயதில் காலமானார். 1939இல் பிறந்தவர், கடற்தொழிலாளியின் மனைவி, ஆறு பிள்ளைகளின் தாய். ஓராண்டு நினைவுப் பூசைக்கு மலர் அச்சிடுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டும் என்கிறார் பெரியம்மா. ‘இறைபக்தி மிக்கவர், செபமாலையைக் கைவிடாதவர், ஏழைகளுக்கு இரங்கியவர்’ என்று எழுதினேன், அதற்குமேல் ஓடவில்லை. நான் கோயிலுக்குப் போவதை விட்டு நெடுநாளாகிறது. நான் எழுதினால் அது பொய்யாகாதா? 1996இல் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்ட மாமா இன்றுவரை திரும்பவில்லை. அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடச் சொல்கிறார் பெரியம்மா. அம்மா கூடாது என்று அழுகிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போன சித்தியுடன் அம்மம்மா நான்கு வருடம் பேசாமல் இருந்தார். அதை எழுதலாமா? அம்மம்மாவின் செபமாலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒரு மணி இல்லை. அந்த இடத்தை வலை நூலால் முடிந்திருக்கிறார். வேறு பொருள் எதுவும் என்னிடம் இல்லை.
— ஒரு பேரன், பாரிஸ்

பதில்:

அன்புள்ள தம்பி,

முப்பது ஆண்டுகளாக முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்வதும் குடும்பங்களுக்கு நினைவு மலர் தொகுத்துக் கொடுப்பதும் என் தொழில். ‘இறைபக்தி மிக்கவர்’ என்று தொடங்கும் வாழ்க்கைக் குறிப்புகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. பெயரை மாற்றிவிட்டால் எந்த ஆச்சிக்கும் பொருந்தும் குறிப்புகள் அவை. உங்களுக்கு அதற்குமேல் ஓடாமல் போனது நல்லதாகப் போயிற்று. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு மணி இல்லாத செபமாலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள்.

அதை மேசைமேல் விரித்து வையுங்கள். சிலுவையிலிருந்து, மரியே வாழ்க சொல்லும் மணிகளை மட்டும் எண்ணுங்கள். ஐம்பத்து மூன்று மணிச் செபம் என்றுதான் நம் ஊர்களில் அதற்குப் பெயர். உங்கள் கையில் இருப்பதில் ஐம்பத்திரண்டு. இல்லாத மணி எந்த இடத்தில்? தொடக்கத்தில் வரும் மூன்று மணிகளில் ஒன்றா? விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றையும் கேட்டுச் சொல்பவை அவை. அல்லது பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பத்துகளில் ஒன்றிலா? அந்தப் பத்தில் அவர் ஒன்பது மணியோடு நிறுத்தினாரா, விரலை முடிச்சின்மேல் வைத்துப் பத்தாவதையும் சொன்னாரா? நாள்தோறும் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நூலையும் பாருங்கள். பருத்தி நூலென்றால் முடிச்சு மிகப் பழையது. நைலான் என்றால், நம் கரைகளில் நைலான் வலை பரவிய 1960களுக்குப் பிந்தியது. தாத்தாவின் வலை பொத்தும் நூலில் ஒரு துண்டாக இருக்கலாம். கோயில் வாசலில் புதுச் செபமாலை மலிவாகக் கிடைத்திருக்கும்போது இதையே ஏன் முடிந்து வைத்துக்கொண்டார் என்று பெரியம்மாவைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் முதல் பத்தி இருக்கும்.

பெரியம்மாவிடமும் அம்மாவிடமும் ‘அம்மம்மா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ‘தங்கமான மனுசி’ என்ற ஒரு வரிதான் வரும். கையையும் காலையும் நேரத்தையும் பற்றிக் கேளுங்கள். விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தார்? முதலில் அடுப்பை மூட்டினாரா, சுருவத்தின், அதாவது மாதா சிலையின், முன்னால் விளக்கை ஏற்றினாரா? கோயிலில் எந்தத் தூணருகில் இருப்பார்? தாத்தா கடலில் இருக்கும் இரவில் காற்று எழும்பினால் என்ன செய்தார்? தவக்காலத்தில் எதை விட்டார்: வெற்றிலையையா, தேநீருக்குச் சீனியையா? பெரிய வெள்ளியன்று பிள்ளைகளை எத்தனை மணிவரை பட்டினி போட்டார்? மீன் விற்ற காசில் பூசைக்குக் கொடுக்கும் காசை எங்கே முடிந்து வைத்தார்? இப்படிக் கேட்டால் பதில்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொன்றும் கேளுங்கள்: செபத்தை எந்தத் தமிழில் சொன்னார்? இது சின்ன விஷயம் இல்லை. 1939இல் பிறந்தவர் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது பூசை இலத்தீனில் நடந்தது. நன்மை வாங்குபவர் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம் என்று 1953இல்தான் தளர்த்தினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த 1965இல் உங்கள் அம்மம்மாவுக்கு 26 வயது, கையிலும் இடுப்பிலும் பிள்ளைகள். அந்த ஆண்டுகளில் பீடம் மக்கள் பக்கம் திரும்பியது. பூசை தமிழில் வந்தது. பிறகு செபங்களின் தமிழும் மாறியது. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே’ என்று குழந்தையில் வாய்ப்பாடமாகப் படித்தவர்கள் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே’ என்று மாற வேண்டியிருந்தது. சர்வேசுரன் இறைவன் ஆனார். என் அப்பம்மா கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து புதியதைச் சொல்வார். வீட்டுக்கு வந்து பாயில் முழங்காலிட்டதும் பழையதற்குத் திரும்பிவிடுவார். ஒரு நாள் கேட்டேன். “அது சுவாமியாருக்கு, இது மாதாவுக்கு” என்றார். அந்த ஒரு வரியில் அவர் முழுதாக இருக்கிறார். அதை அப்போதே எழுதி வைத்திராவிட்டால் இன்று எனக்கு அவருடைய குரல் இல்லை.

2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் பத்துக்கு ஒன்றாக நினைத்துச் செபிக்கும் தேவ இரகசியங்களோடு ஒளியின் மறைபொருள்களையும் சேர்த்து, அவற்றை வியாழக்கிழமைக்கு வைத்தார். அதுவரை வியாழன் சந்தோஷ தேவ இரகசியங்களுக்கு உரிய நாள். அப்போது உங்கள் அம்மம்மாவுக்கு 63 வயது, உங்களுக்குப் பத்து வயது இருந்திருக்கலாம். வியாழக்கிழமைகளில் அவர் மாறினாரா, மாறவில்லையா? நீங்களே பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள், தம்பி. அரைத்தூக்கத்தில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர் மடுவுக்குப் போன கதைகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கரையோரக் குடும்பங்களில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு மடுக்கதை இருக்கும். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தைக் காட்டுக்குள் கொண்டுபோன மக்களின் வழியில் வந்த திருத்தலம் அது. ஆடித் திருவிழா ஜூலை 2ஆம் திகதி, ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15. மரத்தடியில் கொட்டில் போட்டு, அங்கேயே சமைத்து, நாட்கணக்கில் தங்குவார்கள். திரும்பும்போது பாம்புக் கடிக்கு மருந்தென்று மடு மண்ணை முடிந்துகொண்டு வருவார்கள். பாதை மூடப்பட்ட ஆண்டுகளில் உங்கள் அம்மம்மா என்ன செய்தார்? 2008 ஏப்ரலில் மாதாவின் சுருவமே மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததே, அந்தச் செய்தியை அவர் எங்கே இருந்து கேட்டார்? 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்த அந்த இரவில் அவருடைய கையில் என்ன இருந்தது, வீட்டில் எதை விட்டுவிட்டுப் போனார்? வீட்டுக்கு வீடு இதற்குப் பதில் வேறு. ஒருவர் தையல் இயந்திரத்தைத் தூக்கினார், ஒருவர் கோழியை. சுருவத்தைச் சேலையில் சுற்றிக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு கைதடிவரை நடந்த ஒரு தாயை நான் பதிவுசெய்திருக்கிறேன்.

வேறு பொருள் இல்லை என்கிறீர்கள். ஊரில் அவருடைய செபப் புத்தகம் இருக்கும். யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் இருக்கும். அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பவர் தட்டி உதறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நம் ஆச்சிமாரின் செபப் புத்தகத்துக்குள் படங்களும் நினைவு அட்டைகளும் இருக்கும்: புதுநன்மைக்குக் கிடைத்த படம், இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் அட்டைகள், வெளிநாட்டுக் கடிதத்தின் உறை, சில சமயம் ஒரு பிள்ளையின் பாடசாலை மாற்றுச் சான்றிதழ்கூட. எந்தச் செபத்துக்கு நேரே எந்த முகத்தை வைத்திருந்தார் என்பதே ஒரு வரலாறு. ஆகவே ஒவ்வொரு பக்கமாக விரித்து, உள்ளே இருப்பதை எடுக்காமல் முதலில் கைபேசியில் படம் பிடிக்கட்டும். அதன் பிறகு எடுத்துப் பின்பக்கத்தையும் பிடிக்கட்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடவேண்டாம், லமினேட் செய்யவேண்டாம். இரண்டும் சில வருடங்களில் தாளைக் கெடுத்துவிடும். சாதாரணக் காகித உறை போதும். புகைப்படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

திகதிகளுக்குப் பங்குப் பணிமனைக்குத்தான் போகவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் நடந்தபோது அதே பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆகவே அவர் பிறந்த பங்கின் அந்த ஒரு வரியில் பாதி வாழ்க்கை இருக்கக்கூடும். எந்தப் பதிவேடு போரைத் தாண்டி மிஞ்சியிருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். ஞானத்தாயின் பெயர் கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியம்மா நீங்கள் அறியாத ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

இனி மாமா. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் இது. மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இப்படிப் போனார்கள். அந்தத் தாய்மாரில் சிலரிடம் நான் பேசியிருக்கிறேன். உங்கள் பெரியம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. முப்பது வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில், ஒருவராவது கதவைச் சாத்திவிட்டு உறங்கவேண்டும் என்று நினைக்கிறார். உங்கள் அம்மாவால் அது முடியவில்லை. இருவரில் யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இது அம்மம்மாவின் மலர். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் தேடுங்கள்.

அதைத் தேட ஒரு வழி இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்பார்களே, அம்மம்மா கொடுத்த பட்டியலில் மாமாவின் பெயர் எப்போதாவது இருந்ததா? தாத்தாவின் பெயர் இருந்திருக்கும், அவருடைய பெற்றோர் பெயர்கள் இருந்திருக்கும். மகனுக்கு அவர் பூசை ஒப்புக்கொடுத்தாரா? கொடுத்திருந்தால் எந்த நாளில்: பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட நாளிலா, பிறந்த நாளிலா? உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும் குருவானவர் பூசையை ஒப்புக்கொடுக்கலாம்; திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. நான் பதிவுசெய்த ஒரு தாய் இருபது வருடங்களாகப் பிறந்த நாளில் மட்டும்தான் பூசைக்குக் கொடுத்தார். ‘மகனுடைய சுகத்துக்காக’ என்று எழுதிக் கொடுப்பார். கோயில் கணக்கப்பிள்ளை ஒரு முறை அதை ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று மாற்றி எழுதியதைக் கண்டு, பேனாவை வாங்கித் தானே வெட்டித் திருத்தினாராம். அந்த வெட்டுக் கோட்டைவிடப் பெரிய செபத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

உங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் செய்தார் என்று தெரிந்தால், மலரிலும் அப்படியே போடுங்கள். ‘அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும்’ என்று வருமிடத்தில் மாமாவின் பெயர் பிறந்த வரிசைப்படி வரட்டும். முன்னால் ‘காலஞ்சென்ற’ வேண்டாம். பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், ‘1996 முதல் எதிர்பார்க்கப்படுபவர்’ என்று போடலாம். பெரியம்மா மறுத்தால் இதைச் சொல்லுங்கள்: நாட்டின் சட்டமே 2016இல் திருத்தப்பட்டு, இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் சான்றிதழ் கொடுக்க வழிசெய்தது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்த தாய்மாரின் பிடிவாதம் அதற்கு முன்னால் இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கொடுக்க முடிந்த ஒரு சொல்லைக் குடும்ப மலரில் கொடுக்க நமக்கு மனம் வரவேண்டும். மாறாக, கடைசிக் காலத்தில் அம்மம்மாவே மகனுக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்திருந்தால், அம்மாவை உட்காரவைத்து அதை மெல்லச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லவேண்டாம், யாராவது பக்கத்தில் இருந்து சொல்லவேண்டிய செய்தி அது.

சித்தியின் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த நான்கு வருடங்கள் சித்திக்குச் சொந்தம். அவரிடம் கேளுங்கள். எழுதலாம் என்றால் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கோடிகாட்டவும் வேண்டாம். ஆனால் கேட்கும்போது, மறுபடி பேசத் தொடங்கிய அன்று முதலில் வாய் திறந்தது யார் என்று கட்டாயம் கேளுங்கள். நான்கு வருடம் பேசாதவர் ஐந்தாவது வருடம் என்ன சொல்லிப் பேசினார் என்பதில் அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று தெரியும். பக்தியுள்ளவர்கள் கடுமையாகவும் இருப்பார்கள். அம்மம்மாவின் கடுமையை முழுக்க வழித்து எடுத்துவிட்டால் பேரப்பிள்ளைகளே அவரை அடையாளம் காணமாட்டார்கள். உங்களை முழங்காலில் நிறுத்தி வைத்த கதை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அது உங்களுடையது, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கோயிலுக்குப் போகாத நான் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். ‘மாதா அவரைக் காத்தார்’ என்று எழுதினால் நீங்கள் நம்பாத ஒன்றை எழுதியவர் ஆவீர்கள். ‘மாதா தன்னைக் காத்ததாக அம்மம்மா சொன்னார்’ என்று எழுதுங்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அவருடைய நம்பிக்கைக்கும் குறைவில்லை. பூசையில் மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களில் யாரும் அங்கே தடுக்கிவிழ மாட்டார்கள். இன்னொன்று சொல்லட்டுமா? நம்பிக்கையை விட்டுவிட்ட ஒருவர் பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒரு முடிச்சை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். பாரிஸுக்கு நீங்கள் புறப்பட்ட நாளிலிருந்து அந்தச் செபமாலையில் உங்கள் பெயரும் நாளுக்கு ஒரு முறையாவது உருண்டிருக்கும். எந்தப் பத்தில் என்று அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் ஒவ்வொரு பத்தையும் ஒவ்வொருவருக்கென்று சொல்லித் தொடங்கும் வழக்கம் இருந்திருந்தால் கேளுங்கள்.

அளவைப் பற்றி: மலரில் மூன்று பக்கம் உங்களுக்குப் போதும். பிறப்பு, பெற்றோர், திருமணம், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள். கொடைகளையும் கோயில் பதவிகளையும் எண்ணிக் காட்டவேண்டாம். அவற்றை நன்றியுரையில் பங்குத்தந்தை சொல்வார். மிச்சம் இரண்டரைப் பக்கமும் அம்மம்மாவின் ஒரு நாளுக்கு இருக்கட்டும், எழும்பியதிலிருந்து படுக்கும்வரை. அதற்குள் மடுவும் வரும், மாமாவும் வருவார். ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று அவர் சொன்னது உண்மையென்றால், மலரின் செபப் பக்கத்திலும் அந்தப் பழைய பாடத்தையே அச்சிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியாதே என்பார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்பார்கள்.

அச்சுக்குப் போகுமுன் மாமாவின் பெயர் வரும் பக்கத்தை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே நாளில் காட்டுங்கள். ஒருவருக்கு முந்தி மற்றவருக்குக் காட்டினால் வீண் மனத்தாங்கல் வரும்.

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய செபமாலையை விரல்களில் சுற்றித்தான் பெட்டியில் வைப்போம். அம்மம்மாவின் செபமாலை உங்களிடம் இருக்கிறது. அப்படியானால் பெட்டிக்குள் அவர் கையில் சுற்றியது வேறொன்று. இதை எடுத்துப் பத்திரப்படுத்தி, இது பாரிஸில் இருக்கும் பேரனுக்கு என்று சொன்னவர் யார்? அம்மம்மாவே சொல்லிவிட்டுப் போனாரா? இன்றிரவு அம்மாவை அழையுங்கள். வீடியோவில் செபமாலையைப் பிடித்து, முடிச்சு தெரியும்படி காட்டிவிட்டுக் கேளுங்கள். பேசத் தொடங்கியதும் பதிவை அழுத்த மறந்துவிடாதீர்கள்.